மடி இழுக்கும்போது மட்டும் சூடு ஏறுகிறது: ஹெட்டைக் கழற்றலாமா?

கேள்வி: ஐயா, மல்லிப்பட்டினத்தில் எனக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. 42 அடி மரப்படகு. 120 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கடல்நீர் ஒரு பாதையிலும் நல்ல தண்ணீர் ஒரு பாதையிலும் ஓடி, கடல்நீர் நல்ல தண்ணீரைக் குளிர வைக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தொழிலுக்குப் போனதிலிருந்து ஒரே தொல்லை. மடி (இழுவலை) போடும் இடம் வரை ஓடும்போது சூட்டு மீட்டர் 80 டிகிரியில் நிற்கிறது. மடி இறக்கி இழுக்க ஆரம்பித்து அரை மணி நேரத்தில் 95, 98 என்று ஏறிவிடுகிறது. டிரைவர் வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. படகின் பக்கத்தில் கடல்நீர் வெளியே ஊற்றுவதில் குறை தெரியவில்லை. இழுவையில் கறுப்புப் புகை கொஞ்சம் கூடியிருக்கிறது. டீசல் சரியில்லை என்கிறார்கள். முதலில் வந்த மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அடுத்தவர் தொட்டி மூடியையும் பெல்ட்டையும் மாற்றினார். இப்போது மூன்றாமவர் ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) விரிசல் இருக்கும், கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி அடிப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்தோம், புரொப்பல்லரையும் ஒரு அளவு பெரியதாக மாற்றினோம். மற்றபடி எதையும் தொடவில்லை. ஹெட்டைக் கழற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட், லேத் கூலி, தொழில் இல்லாத நாட்கள் என்று செலவு நீளும். அவ்வளவும் செய்துவிட்டுக் கடலுக்குப் போய் அதே 98-ஐப் பார்த்தால் வயிறு எரியும். நீங்கள் எழுதியதில் ஹெட்டைச் சந்தேகப்பட வைக்கும் அறிகுறி எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போனாலும் ஹெட்டில் விரிசல் விழுந்தாலும் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகும். பெரும்பாலும் அது வேகத்தைக் குறைத்ததும் நல்ல பிள்ளையாக அடங்குகிற நோய் இல்லை. மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும், அல்லது மூடி வழியாகத் தள்ளிக்கொண்டு வழியும். வெள்ளைப் புகை வரலாம். ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் வெளுத்துக் கொழகொழவென்று இருக்கலாம். இதில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் ஐயம் தீர ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள், காசு செலவில்லை. காலையில் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வரும். அது உள்ளே தங்கிய காற்று, சீக்கிரம் நின்றுவிடும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது வாயு. அப்புறம் மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாக இறுகினால் அதற்கும் அதே அர்த்தம்தான். பாரம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கிற மெல்லிய விரிசல் இந்தச் சோதனையில் தப்பிக்கலாம். அதற்கு, எரிந்த வாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறுகிற திரவத்தை வைத்துப் பார்க்கும் கருவி இருக்கிறது. பெரிய ஒர்க்ஷாப்களில் கேளுங்கள். ஆனால் அது பிறகு. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படகில் புதிதாக ஏறும் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள். அழுத்தத்தில் 110 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

சரி, ஹெட் இல்லையென்றால் எது? துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஓடும்போது 80, இழுக்கும்போது 98.

எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர் சுமந்துகொண்டு போய்க் கடலில் கொட்ட வேண்டிய சூடு. 120 குதிரைத்திறன் என்பது 90 கிலோவாட். முழுப் பாரத்தில் அந்த எஞ்சின் தண்ணீருக்குக் கொடுக்கும் சூட்டை 60 கிலோவாட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கடல்நீர்ப் பம்போ எஞ்சினோடு பிணைந்தது. நிமிடத்துக்கு 1400 சுற்றில் சும்மா நின்றாலும் சரி, மடியை இழுத்தாலும் சரி, அது தள்ளும் தண்ணீர் ஒரே அளவுதான். ஆனால் அதே 1400 சுற்றில் மடி இழுக்கும்போது எரியும் டீசல் பல மடங்கு. ஆக, தண்ணீர்ப் பக்கம் பலம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் ஓட்டத்தில் அது வெளியே தெரியாது, இழுவையில்தான் தெரியும். அல்லது தண்ணீர்ப் பக்கம் பழையபடியே இருந்து, எஞ்சின் முன்பைவிட அதிகச் சூட்டை உண்டாக்கினாலும் இதே மாதிரிதான் தெரியும். உங்கள் படகில் நடப்பது இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் சேர்ந்து. எது என்று தெரிவதற்கு முன் யாரையும் ஸ்பானர் எடுக்க விடாதீர்கள். இதுவரை வந்தவர்கள் பாகத்தை மாற்றினார்கள், யாரும் எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அளப்பதற்கு முன் ஒரு வேலை: தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். நம் கரையோரத்தில் சூடு என்றதும் முதலில் பலியாவது அதுதான். குளிர் எஞ்சினில் தண்ணீரை உள்ளேயே சுற்றவிட்டு, சூடானதும் எக்ஸ்சேஞ்சருக்குத் திருப்புவது அதன் வேலை. நிறைய எஞ்சின்களில் அது திறக்கும்போதே, தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் குறுக்கே திரும்புகிற பைபாஸ் பாதையை அடைத்துவிடும். கழற்றி எறிந்தால் அந்தக் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலேயே எஞ்சினுக்குள் திரும்ப வரும். லேசான ஓட்டத்தில் எஞ்சின் குளிர்ச்சியாகத் தெரியும், பாரத்தில் முன்பைவிட மோசமாகும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே சூட்டைக் கூட்டிவிடும். புதிதை மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சுட வையுங்கள். 82 என்று அச்சடித்திருந்தால் அந்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுதாக விரிய வேண்டும். கடைக்காரர் தருவது எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இப்போது அளவு. தேவைப்படுவது ஒரு இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர், 20 லிட்டர் பெயிண்ட் வாளி, கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய தெர்மோமீட்டர் இதற்கு ஆகாது. அது உடம்புச் சூட்டைத் தாண்டி அளக்காது. தொழிற்சாலை வகை வேண்டும், எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். பளபளக்கும் செம்பு, ஸ்டீல், அலுமினியத்தின் மேல் காட்டினால் அது சூட்டைக் குறைத்துக் காட்டிப் பொய் சொல்லும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள். ரப்பர் ஹோஸின் மேல் காட்டாதீர்கள்; உலோக வளைவு, குழாய் முனை, இவைதான் சரி.

முதலில் மீட்டரையே சோதியுங்கள். மீட்டர் 95 காட்டும்போது தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் 83 இருந்தால் எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்லை, சென்சாரோ எர்த் கம்பியோதான் கோளாறு. இது அபூர்வமும் அல்ல.

மீட்டர் உண்மை என்று தெரிந்த பிறகு நான்கு இடங்களில் அளவு எடுங்கள். ஸ்ட்ரெய்னர் (கடல்நீர் வடிகட்டி) பக்கம் உள்ளே வரும் கடல்நீர். எக்ஸ்சேஞ்சரை விட்டு வெளியே போகும் கடல்நீர். எஞ்சினிலிருந்து எக்ஸ்சேஞ்சருக்குள் நுழையும் நல்ல தண்ணீர். எக்ஸ்சேஞ்சரிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் நல்ல தண்ணீர். இந்த நான்கையும் ஓட்டத்தில் ஒரு முறையும், மடி இழுத்து அரை மணி ஆனபிறகு ஒரு முறையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆர்.பி.எம்.மும் (நிமிடச் சுற்று) வேண்டும். கரைக்குத் திரும்பியதும் வாளி வேலை: படகைக் கட்டிவைத்து, கியர் போடாமல், இழுவையில் இருக்கும் அதே சுற்றுக்கு எஞ்சினை ஏற்றி, வெளியே போகும் கடல்நீர் ஹோஸை வாளிக்குள் திருப்பி, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஹோஸ் உதறும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். நிமிடத்துக்கு 100 லிட்டர் கடல்நீர், 60 கிலோவாட் சூட்டைத் தாங்கினால் ஏறக்குறைய 9 டிகிரி சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போனது 39, 40-ல் வெளியே வரும். 100 லிட்டர் என்றால் உங்கள் வாளி 12 விநாடியில் நிரம்ப வேண்டும். 24 விநாடி ஆனால் தண்ணீர் பாதியாகிவிட்டது. அப்போது வெளியேறும் நீர் 48 வரை போகும். உங்கள் பம்பின் கையேட்டில் சரியான அளவு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவதில் குறை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் 60 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும்தான்.

இனி எண்கள் என்ன சொல்லும் என்று பார்ப்போம். வெளியேறும் கடல்நீர் 46, 48 என்று கொதியாக வந்து, வாளியும் மெதுவாக நிரம்பினால், கடல்நீர் போதவில்லை. வெளியேறும் நீர் கொதியாக இருந்து வாளி மட்டும் ஒழுங்காக நிரம்பினால் தண்ணீர்ப் பக்கம் குற்றமில்லை. எஞ்சின்தான் அளவுக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது. கடல்நீர் 9, 10 டிகிரிதான் ஏறுகிறது, வாளியும் சரி, ஆனாலும் எஞ்சின் 98-ல் நிற்கிறது என்றால் சூடு ஒரு தண்ணீரிலிருந்து மறு தண்ணீருக்குக் கைமாறவில்லை. அப்போது நல்ல தண்ணீரின் இரண்டு எண்களைப் பாருங்கள். உள்ளே போவதற்கும் திரும்புவதற்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டம் சரி, எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் படிவு. வித்தியாசம் 20-ஐத் தொட்டால் நல்ல தண்ணீரின் ஓட்டமே மந்தம்: பெல்ட் வழுக்கல், பம்பின் உள்சக்கரம் அரிப்பு, அல்லது நான் முன்பு சொன்ன பைபாஸ்.

கடல்நீர் போதவில்லை என்று வந்தால் எங்கே தேடுவது? தடைக்கால மராமத்துக்குப் பிறகு வரும் சூட்டுப் புகார்களில் நான் முதலில் பார்ப்பது படகின் அடியில் இருக்கும் சல்லடைத் தகட்டைத்தான். அடிப்பகுதிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் அதன் மேலேயும் இரண்டு கோட் அடித்துவிட்டுப் போயிருப்பார். துளைகள் பாதி அடைந்திருக்கும். ஒருவர் முங்கி, விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை இறக்குங்கள்.

அடுத்தது இம்பெல்லர், கடல்நீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எஞ்சின் சும்மா நிற்கிறது. ரப்பர் இம்பெல்லரின் இறக்கைகள் பம்புக்குள் ஒரு பக்கமாக மடங்கியே கிடந்து, அப்படியே விறைத்துவிடும். பிறகு சுற்றினால் நிமிராது. மூடித்தகட்டைக் கழற்றிப் பாருங்கள்: இறக்கை வளைந்தே நின்றாலோ, அடியில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். இறக்கை ஒன்று முறிந்து காணாமல் போயிருந்தால் புதிதை மாட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்தத் துண்டு அடுத்து இருக்கும் ஆயில் கூலரின் வாயிலோ எக்ஸ்சேஞ்சரின் வாயிலோ போய் ஒட்டிக்கொண்டு தண்ணீரை மறித்துக்கொண்டிருக்கும். எத்தனை துண்டு உடைந்ததோ அத்தனையும் கையில் கிடைக்கும் வரை தேட வேண்டும். மூடித்தகட்டின் உள்பக்கம் வட்ட வட்டமாக அரைத்திருந்தால் அதையும் பாருங்கள். புது இம்பெல்லர் போட்டாலும் அந்த இடைவெளியில் தண்ணீர் பின்வாங்கும். மாட்டும்போது கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ போதும்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு தொல்லை சேர்ந்தது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த, சேறும் கடற்புல்லும் நிறைந்த கடல். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசுக் காப்பகமாக அறிவித்ததே அந்தப் புல்வெளிகளை நம்பித்தான். கடல்பசுவுக்குச் சோறு, நம் ஸ்ட்ரெய்னருக்கு அடைப்பு. ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் கூடையை எடுத்துக் கழுவுவதை வழக்கமாக்குங்கள். துறைமுக வாயிலில் கலங்கிய சேற்றைக் குடித்துக்கொண்டு வெளியேறும் படகுகளில் இம்பெல்லர் ஆயுள் குறைவுதான். ஆழத்தில் தொழில் செய்யும் படகுக்காரர் சொல்லும் கணக்கை வைத்து உங்களுடையதை அளக்காதீர்கள்.

உறிஞ்சும் பக்கத்து ஹோஸும் கவனிக்க வேண்டியது. பம்புக்கு முன்னால் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்து, அது நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் ஒழுகாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரெய்னரின் மூடி கண்ணாடியாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா பாருங்கள். மூடியின் ரப்பர் வளையம், கிளிப்புகள் இவற்றில்தான் பெரும்பாலும் காற்று நுழையும். ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருக்க வேண்டும். சாதாரணத் தோட்டத்து ஹோஸ் சுற்று ஏறும்போது உறிஞ்சலில் சப்பையாகிவிடும். வேகம் குறைத்தால் திரும்ப உப்பி நல்லதாகத் தெரியும். இதுவும் உங்கள் அறிகுறிக்குப் பொருந்துகிறது.

எக்ஸ்சேஞ்சர் என்று வந்தால் அதற்கும் அந்த 61 நாள்தான் முதல் சந்தேகம். கடல்நீரை வடிக்காமல் விட்ட குழாய்களுக்குள் உப்பு இறுகும், சிறு சிப்பியும் கொட்டலசும் குடியேறும். இரு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். ஒவ்வொரு குழாயிலும் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்ததை மரக்குச்சி அல்லது பித்தளைக் கம்பியால், தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளுங்கள். வெல்டிங் ராடை எடுத்துக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் கிழிந்தால் கடல்நீர் நல்ல தண்ணீரோடு கலந்து எஞ்சினையே தின்றுவிடும். கெட்டிப் படிவுக்குச் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, 20 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு கிலோ கணக்கில் கரைத்து ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை எக்ஸ்சேஞ்சர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு குழாயைக் காக்கும் துத்தநாகக் குச்சியை முதலில் கழற்றிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது போடுங்கள். உடைந்த துத்தநாகத் துண்டுகளும் குழாய் வாயை அடைக்கும்.

நல்ல தண்ணீர்ப் பக்கத்தில் ஊற்றுவது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கரையோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் அதை நிறுத்துங்கள். அது எஞ்சினுக்குள் சுண்ணாம்பு பூசும், துருவும் சேரும். கூலன்ட் கலந்ததை, கையேடு சொல்லும் விகிதத்தில் ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்று தனிக் கூலன்டையே நிரப்பக் கூடாது; தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது.

இவ்வளவு சொன்னாலும், பந்தயம் கட்டச் சொன்னால் நான் காசு வைப்பது உங்கள் புது புரொப்பல்லர் மேல். நீங்கள் அதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கறுப்புப் புகையை டீசல் தலையில் போட்டுவிட்டீர்கள். எஞ்சின் தன்னால் முடியாத பாரத்தை இழுக்கும்போது, உள்ளே வரும் காற்றுக்கு மிஞ்சி டீசல் தெளிக்கப்படும். எரியாத மிச்சம் கறுப்பாக வரும், சூடும் ஏறும். புகையும் சூடும் ஒரே நேரத்தில், அதுவும் இழுவையில் மட்டும் வந்தால் இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரு அளவு பெரியது என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதே வடிவத்தில், பிட்சும் (இறக்கையின் சாய்வு அளவு) அதே விகிதத்தில் கூடி, விட்டம் 32 அங்குலத்திலிருந்து 34 ஆனால், ஒரே சுற்றில் அது எஞ்சினிடம் கேட்கும் சக்தி சுமார் 35 சதவீதம் கூடிவிடும். இரண்டு அங்குலத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். விட்டத்தின் ஐந்தாவது அடுக்கில் ஏறுகிற கணக்கு அது.

சோதிப்பது சுலபம். எஞ்சினின் தகட்டில் அதிகபட்சச் சுற்று எழுதியிருக்கும். ஆழமான இடத்தில், மடி இல்லாமல், முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டிப் பாருங்கள். இழுவைப் படகுக்குச் சரியான புரொப்பல்லர் என்றால் வெறும் ஓட்டத்தில் எஞ்சின் தடையில்லாமல் அந்தச் சுற்றைத் தொட்டு, கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) பிடித்து நிறுத்த வேண்டும். முக்கி முனகித்தான் தொடுகிறது, அல்லது தொடவே இல்லை என்றால், இழுவையில் அது மூச்சுத் திணறும். படகின் அடியில் கொட்டலசு படிந்திருந்தாலும் இதே அடையாளம் தெரியும், ஆனால் நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். பழைய புரொப்பல்லரை இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருந்தால் அதையே திரும்ப மாட்டலாம். இல்லையென்றால் புதியதன் விட்டத்தை வெட்டிக் குறைக்கவோ பிட்சைத் தளர்த்தவோ பட்டறையில் முடியும்; வெட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்காமல் வாங்கி வராதீர்கள். அதுவரை டிரைவர் செய்வதுபோல் சுற்றைக் குறைத்தே இழுங்கள். சுற்றை 10 சதவீதம் குறைத்தாலே புரொப்பல்லர் கேட்கும் சக்தி ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். மீன் கொஞ்சம் குறையும், எஞ்சின் தப்பும்.

இந்தத் தொல்லை தீரும் வரைக்கும் கடலில் என்ன செய்வது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டாம். பாரத்தை விட்டு, கியரை எடுத்து, ஐடிலில் ஓடவிட்டு, பக்கத்தில் கடல்நீர் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் ஐடிலிலேயே குளிரட்டும். விழவில்லையென்றால் அணைத்துவிடுங்கள், இம்பெல்லரோ அடைப்போ, அங்கேயே பார்த்துச் சரிசெய்ய முடிகிற விஷயம்தான் அநேகமாக. அதனால் ஒரு இம்பெல்லர், அதன் கேஸ்கட், ஒரு பெல்ட், நான்கைந்து கிளிப், 20 லிட்டர் நல்ல தண்ணீர் எப்போதும் படகில் இருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சின் மேல் கடல்நீரை வாரி ஊற்றுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. இன்று இல்லாத விரிசல் அன்றைக்கு நிஜமாகவே வந்துவிடும். எஞ்சின் செத்த படகு அந்தப் பக்கம் எல்லைக்கோட்டைத் தாண்டி மிதந்து போனால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் அறியும். நங்கூரத்தைத் தயாராக வைத்துக்கொண்டே எஞ்சினை அணையுங்கள்.

கடைசியாக, ஒரு அலாரம் வாங்கி மாட்டுங்கள். மடியை மேலே இழுத்து வாங்கும் நேரத்தில் யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை. சூட்டுக்கு ஒன்று போதாது, தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கும் தனியாக ஒன்று வேண்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சூட்டு சென்சார் தண்ணீரில் இல்லாமல் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது அது 70 என்று காட்டிக்கொண்டிருக்கும்.